குதிகாலும் சக்கர நாற்காலியும் – கொஞ்சம் வரலாறு



டிஸ்னிலேண்ட் போன படங்களைப் பாப்பா போட்ட நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. நாற்பது படங்களில் ஒரே ஒரு படத்தில் நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லார் கண்ணும் அந்த ஒன்றில்தான் போய் நின்றிருக்கிறது. "டீச்சர், விழுந்துட்டீங்களா?" என்று கேட்டவர்கள் பாதி. "ஆபரேஷனா டீச்சர், எங்ககிட்ட சொல்லவே இல்லையே?" என்று கோபித்துக்கொண்டவர்கள் மீதி. எங்கள் நங்கையா மட்டும் வேறு மாதிரி: "ஊரே பார்க்கிற இடத்துல அந்தப் படத்தையா போடறது, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

ஒன்றும் ஆகவில்லை. ஏழு வருடமாக எனக்குக் குதிகால் வலி இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் சிமெண்ட் தரையில் நின்று பாடம் நடத்தியவளுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வலியோடு மூன்று நாள் பூங்காவைச் சுற்ற வேண்டும், பேரனோடு சுற்ற வேண்டும், நான்காம் நாள் படுக்கையில் விழக் கூடாது. இதற்கு என்ன வழி என்று இரண்டு மாதம் படித்தேன். படிக்கப் படிக்க அது வரலாற்றுப் பாடமாகப் போய்விட்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, டீச்சர் ஒன்றைப் படித்தால் பத்துப் பேருக்குச் சொல்லாமல் இருக்க மாட்டாள். நீளமாக இருக்கும், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் குதிகால். பாதத்தின் அடியில், குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. டாக்டர்கள் அதை பிளாண்டர் ஃபேசியா என்கிறார்கள். பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பட்டைதான் நாண். 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதன் வேலையை அழகாக விளக்கினார். கால் விரல்களை மேலே வளைத்தால் இந்தப் பட்டை இறுகுகிறது, பாத வளைவு உயர்கிறது. கிணற்று மேட்டில் உருளையில் கயிற்றைச் சுற்றச் சுற்ற வாளி ஏறுகிற மாதிரி. இப்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டை விரலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள், உள்ளங்கால் குழி ஆழமாகும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இது நடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி! அது போக, நகராமல் நிற்கும் நேரமெல்லாம் இந்தப் பட்டை உடம்பின் பாரத்தைத் தாங்கி விறைத்தே இருக்கிறது.

இரவில் கால் தொங்கலாகக் கிடக்கும்போது பட்டை சுருங்கிக்கொள்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் சுரீர் என்று ஆணி அடித்த மாதிரி இருக்கும். பத்து அடி நடந்ததும் குறையும். சாயங்காலம் திரும்ப வரும். இது இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புது நோயும் இல்லை. சுசுருத சம்ஹிதையில் வாதகண்டகம் என்று ஒரு நோய் வருகிறது. கண்டகம் என்றால் முள். காலை ஏறுக்குமாறாக வைப்பதால் வருவது என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் குதிகால் வாதம் என்போம். இங்கிலாந்தில் போலீஸ்காரர் குதிகால் என்றே ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ரோந்து நடந்து நடந்து வருவதால். வாத்தியார் குதிகால் என்று ஏன் யாரும் வைக்கவில்லை என்று தெரியவில்லை, நியாயமாக வைத்திருக்க வேண்டும்.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். ஐந்தாறு வருடத்துக்குள் ஜெர்மனியில் குதிகால் எலும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைப் படமெடுத்து எழுதிவிட்டார்கள். அப்புறம் என்ன, வலிக்குக் காரணம் முள்தான் என்று பல பத்தாண்டுகள் முள்ளையே வெட்டினார்கள். ஆனால் முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். முள் இல்லாமல் வலியால் துடிப்பவர்களும் உண்டு. 2003-இல் அமெரிக்காவில் லெமாண்ட் என்பவரின் குழு, அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுவை ஆராய்ந்து, இது வீக்க நோயே அல்ல, நார் நைந்துபோவது என்று எழுதியது. கயிறு நாள்பட உராய்ந்து பிரிவதைப் போல என்று நான் புரிந்துகொண்டேன். புரிந்ததும் ஒரு நிம்மதி. நைந்த கயிற்றை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது, ஆனால் மேலும் நைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம், மெல்ல மெல்லப் பலப்படுத்தவும் செய்யலாம். எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது என்று சொன்னதும் பயந்து படுத்துவிட்ட நம் உறவுகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதினேன்.

செருப்பின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். ஐரோப்பாவில் சுமார் இருநூறு வருடம் இடது, வலது என்ற வித்தியாசமே இல்லாமல் ஷூ தைத்திருக்கிறார்கள்! 1600 வாக்கில் குதி உயர்ந்த ஷூ நாகரிகமாக வந்தது. உயர்ந்த குதியோடு இடது வலதாகத் தனித்தனி அச்சு செய்வது சிரமம், செலவு. அதனால் இரண்டு காலுக்கும் ஒரே அச்சு. 1781-இல் பீட்ரஸ் கேம்பர் என்ற டச்சு மருத்துவர், குதிரைக்கு லாடம் அடிப்பதில் காட்டும் அக்கறையை மனிதக் காலுக்குக் காட்டவில்லையே என்று வருத்தப்பட்டு ஷூவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1858-இல் சூரிச் நகர உடற்கூறு பேராசிரியர் ஹெர்மன் ஃபான் மேயர், ஷூவின் சரியான வடிவம் எது என்று பாத எலும்புகளை வைத்து விளக்கினார். ஒரு காலில் 26 எலும்பு. அத்தனையையும் ஒரே மாதிரி இரண்டு பெட்டிக்குள் திணித்தால் என்ன ஆகும்? 1904 வாக்கில் சிகாகோவில் ஷூ கடையில் வேலை பார்த்த வில்லியம் ஷோல், வாடிக்கையாளர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து, ஷூவுக்குள் வைக்கும் வளைவுத் தாங்கி ஒன்றைச் செய்து விற்றார். மருந்துக்கடையில் இன்றைக்கும் அவர் பெயரில் குதிகால் மெத்தை கிடைக்கிறது.

சிகாகோ என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டோம். ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்குப் பூங்காக்களின் பூர்வீகமே உலகப் பொருட்காட்சிகள்தான். அங்கேதான் முதல்முதலாக லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் ஒரே இடத்தில் ஒரு நாள் முழுக்க நடந்தார்கள். அதுவரை அவ்வளவு நடப்பவர்கள் உழவர்களும் சிப்பாய்களும் யாத்திரைக்காரர்களும்தான். வேடிக்கை பார்ப்பதற்காகப் பத்து மைல் நடப்பது என்பது மனித வரலாற்றில் மிகவும் புதுசு.

1876-இல் அமெரிக்காவின் நூற்றாண்டு விழாப் பொருட்காட்சி பிலடெல்பியாவில் நடந்தது. ஆறு மாதத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு விட்டார்கள், தள்ளுவதற்கு ஆளும் உண்டு. மைதானத்துக்குள் ஒரு குட்டி ரயிலும் ஓடியது. பிறகு அட்லாண்டிக் சிட்டி கடற்கரையின் மரப்பலகைப் பாதையில் இந்த உருளும் நாற்காலிகள் வந்தன. முதலில் நோயாளிகளுக்கு என்று வந்தவை, கொஞ்ச நாளில் நல்ல திடகாத்திரமான பணக்காரர்களே ஜோடியாக ஏறி ஊர்வலம் போகும் வாகனமாகிவிட்டன. நங்கையா கவனிக்க வேண்டிய இடம் இது. நாற்காலியில் உட்காருவது அவமானம் என்று அன்றைக்கு அந்த ஊரில் யாரும் நினைக்கவில்லை, அந்தஸ்து என்றே நினைத்தார்கள்.

1893 சிகாகோ பொருட்காட்சிதான் எல்லாவற்றுக்கும் தாய். 600 ஏக்கருக்கு மேல் பரப்பு. ஆறு மாதத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல் வருகைகள் பதிவாயின. 264 அடி உயரத்தில் முதல் ஃபெர்ரிஸ் சக்கரம் அங்கேதான் சுழன்றது, நாம் ராட்டினம் என்று சொல்வதன் பெரியப்பா. 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஆனால் இப்போது எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு ஒன்று. மிச்சிகன் ஏரிக்குள் நீண்டிருந்த படகுத்துறையில் நகரும் நடைபாதை போட்டிருந்தார்கள். ஐந்து சென்ட் கட்டணம். ஒரு பட்டையில் நிற்கலாம், நடக்கலாம். அதைவிட வேகமாகப் போகும் இன்னொரு பட்டையில் பெஞ்சுகள், உட்கார்ந்தே போகலாம். அடிக்கடி பழுதாகி நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே தூண்களில் மின்சார ரயில். கீழே உருளும் நாற்காலிகள். அவற்றைத் தள்ளியவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், விடுமுறையில் சம்பாதிக்க வந்த பிள்ளைகள். உட்கார்ந்தவர் கால் வலி தீர்ந்தது சரி, தள்ளியவன் கால்? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று இதற்கு உண்டு. அந்தப் பொருட்காட்சியை ஒட்டி நடந்ததுதான் சர்வமத மகாசபை. சுவாமி விவேகானந்தர் ஜூலை கடைசியிலேயே சிகாகோ போய்ச் சேர்ந்துவிட்டார், சபையோ செப்டம்பரில். இடையில் பொருட்காட்சியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஆகஸ்டில் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், இதை முழுதாகப் பார்க்கப் பத்து நாளாவது வேண்டும் என்ற பொருளில் எழுதினார். கடிதம் யாருக்கு? அளசிங்கப் பெருமாளுக்கு. அவர் யார்? பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியர்! வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிச் சுவாமியைக் கப்பலேற்றியவர். வாத்தியார்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் நகரும் நடைபாதையை இன்னும் பெரிதாகச் செய்தார்கள். தரையிலிருந்து ஏழு மீட்டர் உயரத்தில், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமாக, மைதானத்தைச் சுற்றி வந்தது. பக்கத்தில் பக்கத்தில் மூன்று பட்டை: ஒன்று அசையாதது, அடுத்தது மணிக்கு சுமார் நாலு கிலோமீட்டர், அதற்கடுத்தது எட்டு. பிடித்துக்கொள்ள ஆங்காங்கே குமிழ் வைத்த கம்பங்கள். எடிசன் நிறுவனத்து ஆட்கள் எடுத்த படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். தொப்பியும் நீளப் பாவாடையுமாகப் பெண்கள் பட்டைக்குப் பட்டை தாவுகிற அழகே அழகு. விமான நிலையத்தில் நாம் இன்றைக்கு நின்றுகொண்டே போகிறோமே, அதன் தாத்தா இது.

இந்தக் களைப்புக்கு ஒரு பெயரும் வந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் அருங்காட்சியகக் களைப்பு என்றே கட்டுரை எழுதினார். ஓர் ஆளைக் கூப்பிட்டு, காட்சிப் பெட்டிகளில் இருக்கும் பொருள்களைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிவதையும் எக்குவதையும் மண்டியிடுவதையும் வரிசையாகப் போட்டோ எடுத்தார். பார்க்கிறவன் களைப்பது அவன் சோம்பேறித்தனத்தால் அல்ல, வைத்தவர்கள் வைத்த விதத்தால் என்பது அவர் வாதம். எழும்பூர் மியூசியத்துக்கு உங்களைக் கூட்டிப் போனபோது, வெண்கலச் சிலைக் கூடத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டீர்களே, நினைவிருக்கிறதா? பழைய சென்னைவாசிகள் அதற்குச் செத்த காலேஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். விலங்குக் காட்சிசாலை உயிர்க் காலேஜ். செத்த காலேஜில் பாதி உயிர் போனது உங்கள் டீச்சருக்குத்தான்.

இனி டிஸ்னி. சிகாகோ பொருட்காட்சியைக் கட்டிய ஆயிரக்கணக்கான தச்சர்களில் ஒருவர் பெயர் எலியாஸ் டிஸ்னி. அவர் மகன் வால்ட். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் இருவரையும் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தான் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தபோது, பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பெஞ்சில் பிறந்த யோசனை! 1951-இல் கோபன்ஹேகனில் டிவோலி தோட்டத்தைப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார். 1843-இல் திறந்த பழைய தோட்டம் அது.

1955 ஜூலை 17, திறப்பு நாள். ஆனாஹைமில் அன்றைக்குக் கடும் வெயில். முந்தின இரவு வரை வேலை நடந்திருக்கிறது, போட்ட தார் காயவில்லை. குதி உயர்ந்த செருப்புப் போட்டு வந்த பெண்களின் குதி தாருக்குள் இறங்கிவிட்டது. குழாய்க்காரர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாயா, கழிப்பறையா, எது முதலில் என்ற நிலை வந்து, கழிப்பறைதான் என்று வால்ட் முடிவு செய்தார். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பூங்காவின் முதல் நாள் வரலாறே கால் வலியில் தொடங்குகிறது என்றால் மிகையில்லை.

ஆனாலும் அந்த மனிதர் காலைப் பற்றி யோசித்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வாசல், உள்ளே நுழைந்து நேர்வீதி, முடிவில் வட்டமான மையம், அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரியும் பாதைகள். இப்படி அமைத்தால் ஜனங்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும், வீண் நடை மிச்சம் என்பது அவர் கணக்கு. நம் ஸ்ரீரங்கத்தில் வீதிகள் சுற்றிச் சுற்றி உள்ளே போகும், சுற்றுவதே புண்ணியம். இங்கே சுற்றாமல் இருப்பது வசதி. பூங்காவைச் சுற்றி முதல் நாளிலிருந்தே ரயில். 1956-இல் கம்பித் தொட்டில், 1959-இல் மோனோரயில், 1967-இல் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும் பீப்பிள்மூவர் என்று உட்கார்ந்து போக வழி சேர்த்துக்கொண்டே வந்தார்கள். இவற்றில் கம்பித் தொட்டிலும் பீப்பிள்மூவரும் இப்போது அங்கே இல்லை. புளோரிடாவில் 1982-இல் திறந்த எப்காட் இதற்கு நேர்மாறு. நடுவில் பெரிய ஏரி, அதைச் சுற்றி நாடுகளின் கூடங்கள், ஒரு சுற்றே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அந்த ஐந்து எழுத்துக்கு, வந்தவர்கள் எல்லாரும் களைத்துத்தான் வெளியே வருவார்கள் என்று அமெரிக்கர்களே கேலியாக விரிவு சொல்வதுண்டு.

சக்கர நாற்காலியும் இதற்குள் மாறிவிட்டது. பழைய நாற்காலிகள் மரமும் பிரம்புமாக மகா கனம். சுரங்க விபத்தில் கால் செயலிழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவருக்காக, அவர் நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸ் 1933-இல் இரும்புக் குழாயில், மடித்துக் காரில் வைக்கும்படி ஒன்று செய்தார். நண்பனுக்காகச் செய்தது உலகத்துக்கே வந்தது. நம் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிறீர்களே குறுக்காக மடியும் நாற்காலி, அந்த வம்சம்தான். 1968-இல் மிச்சிகனில் ஆலன் தீமி என்பவர் தன் குடும்பத்தில் ஒருவருக்காக மின்சார ஸ்கூட்டர் நாற்காலி செய்தார். 1990-இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தபின் சாய்தளமும் அகல வாசலும் தயவு என்ற நிலை மாறி உரிமையாயின. நம் நாட்டில் 2016-இல் சட்டம் வந்திருக்கிறது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் சாய்தளம் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு. இரண்டு மாதம் முன்பே தொடங்கினேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், ஒரு காலை மறு தொடை மேல் போட்டுக்கொண்டு கால் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தப் பயிற்சியைக் கெண்டைக்கால் நீட்டலோடு ஒப்பிட்டு, இதுவே கூடுதல் பலன் என்று காட்டியது. இரண்டாவது, டென்மார்க்கில் சோதித்தது. படியில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, மூன்று எண்ணி எழும்பி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மேலே ஹிக்ஸ் சொன்ன நாண் கணக்குதான், விரலை மேலே தூக்கினால் பட்டை இறுகும் அல்லவா, அதற்குத்தான் துண்டு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள், காலில் மரத்துப்போகும் உணர்வு இருப்பவர்கள் டாக்டரிடம் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள்.

பாப்பா வாங்கிய புது ஷூவை இங்கேயே வரவழைத்து, ஆறு வாரம் வீட்டுக்குள்ளும் மார்க்கெட்டுக்கும் போட்டுப் பழக்கினேன். எங்கள் வீட்டு சார் சிரித்தார். வீட்டுக்குள் ஷூவோடு நடக்க எனக்குமே கூச்சம்தான். ஆனால் பூங்காவுக்குப் புது ஷூவோடு போவது பரீட்சைக்குப் புதுப் பேனாவோடு போகிற மாதிரி என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அங்கே போனபின் காலை நேரம் நடை. மதியத்துக்குமேல் நாற்காலி. வாசலருகேயே வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வலி வந்தபின் உட்காருவது அல்ல, வருவதற்கு முன்பே உட்காருவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டேன். வரிசையில் நிற்பதுதான் நடப்பதைவிட எனக்குப் பாதகம். நடக்கும்போது பாரம் கால் மாறுகிறது, நிற்கும்போது ஒரே இடத்தில் இறங்குகிறது. வால்ட் போட்ட ரயில் கைகொடுத்தது. ஏறி உட்கார்ந்தால் முழுச் சுற்று சுமார் இருபது நிமிடம். இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நானும் பேரனும் மூன்று சுற்றுச் சுற்றினோம். மற்றவர்கள் வெயிலில் வரிசையில் நின்ற நேரத்தில், "அம்மாயி, டைனோசர்! அம்மாயி, டைனோசர்!" என்று ஒவ்வொரு சுற்றிலும் அவன் புதிதாகப் பார்ப்பதுபோலக் கத்தினான். ராத்திரி அறையில் தண்ணீர்ப் பாட்டிலை ஐஸாக உறையவைத்து உள்ளங்காலுக்கு அடியில் போட்டு உருட்டினேன். நான்காம் நாள் காலை எழுந்து நானேதான் எல்லாருக்கும் காபி போட்டேன். மாப்பிள்ளைதான் சோபாவை விட்டு எழவில்லை. நாற்காலி தள்ளியது அவர்.

அதனால்தான் மேலே ஒரு கேள்வியை ஞாபகம் வைக்கச் சொன்னேன். உட்காருவதற்குக் காசு கொடுத்தவர்களுக்கு 1876-லிருந்து நாற்காலி இருக்கிறது. நின்று வேலை பார்ப்பவர்களுக்கு? இங்கிலாந்தில் 1899-இல் ஒரு சட்டம் போட்டார்கள், கடையில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று. மூன்று பேருக்கு ஒன்று! அதற்கே எவ்வளவோ பேர் எதிர்த்துப் பேசினார்கள். பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்கள் விஜி என்ற தையல் தொழிலாளியின் முன்முயற்சியில் உட்காரும் உரிமைக்காக வருடக்கணக்கில் போராடி, 2018-இல் அந்த மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று. 1899-க்கும் 2021-க்கும் எத்தனை வருடம்? கழித்துப் பாருங்கள், உங்களுக்கு அந்தக் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

படத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தவர்களில் ஐந்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணும் உண்டு. இப்போது பெரிய ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவு. அவளுக்கும் குதிகால் வலியாம், ரெண்டு வருடமாக. "எனக்கும் காலைல முதல் அடி வைக்க முடியறதில்லீங்க டீச்சர்" என்றாள். கடையில் உட்கார இருக்கை போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஸ்டூல் இருக்குதுங்க டீச்சர். மேனேஜர் சாப்பிடப் போறப்ப உட்காருவோமுங்க."

ஒரு தளத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினாலு பேராம். ஸ்டூல் மூன்று. அந்தச் சட்டத் திருத்தத்தின் தமிழ் நகலை எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதுவதா, முதலில் முதலாளியிடம் பக்குவமாகப் பேசிப் பார்ப்பதா என்று அவர்களே கூடிப் பேசிச் சொல்கிறோம் என்றிருக்கிறாள். எழுதுவதாக இருந்தால் மனு நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களில் சட்டம் படித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், யாராவது ஒருவர் இந்த வாரத்துக்குள் எனக்கு போன் செய்யுங்கள். துண்டு வைத்துச் செய்யும் பயிற்சியை அவளுக்கு வீடியோவில் காட்டிவிட்டேன். அவர்கள் கடை மாடிப்படியிலேயே செய்யலாம்.